ஞாயிறு மூன்றரைக்கு காபிக்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோவது?

கரூர்ப்பொண்ணு:
கல்யாணமாகி நாலு மாதம், ஜெர்மனிக்கு வந்து ஆறு வாரம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கனில் இருக்கிறோம். என் கணவருக்கு ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டினருக்கான வேலை அனுமதி), அதனால் என் விசாவுக்கு ஏ1 என்ற ஆரம்ப ஜெர்மன் தேர்வு கேட்கவில்லை. அப்போது நிம்மதியாக இருந்தது, இப்போது நன்றி சொல்லும் 'டாங்கே'யைத் தவிர வாயில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. குடிவந்த மறுநாள் கீழ்வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் ஒரு முழு ரொட்டியும் சின்னப் பொட்டலத்தில் உப்பும் கொண்டுவந்து நீட்டினார்கள். புது வீட்டுக்கு உப்பா! அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன், பாட்டி ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து உப்பைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அதற்கப்புறம் எந்தக் குப்பை எந்தத் தொட்டியில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், என் கணவர் வேலைக்குப் போனபின் நான் தனியாக இருப்பேன் என்று தினமும் மணியடித்துப் பார்க்கிறார். இந்த ஞாயிறு காபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம், கேக்கை வேண்டாமென்றால் மனசு நோகுமா? கையில் என்ன கொண்டுபோவது? இவ்வளவு வாங்கிக்கொண்டு திருப்பிச் செய்யாமல் இருக்கக் கூச்சமாக இருக்கிறது.

லுட்விக்ஸ்பர்க்வாசி:
முட்டை விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தபின் சொன்னால்தான் சங்கடம், ஏனென்றால் பாட்டி சனிக்கிழமையே கேக் செய்து முடித்திருப்பார். முட்டை இல்லாமல், பால் பரவாயில்லை என்று விளக்குவதைவிட கேக்குக்கு மட்டும் 'வேகான்' (முட்டை, பால் எதுவும் இல்லாதது) என்று சொல்லிவிடுவது சுலபம். செர்ரி வைத்த பிளாக் ஃபாரஸ்ட் கேக் என்றால் அதில் கிர்ஷ் சாராயமும் உண்டு. பின்னால் ஒருநாள் சாப்பாட்டுக்கு அழைத்து 'ஸ்பெட்ஸ்ல' என்ற நூடுல்ஸ் வைத்தால் அதிலும் முட்டை, 'மவுல்டாஷன்' என்றால் மாவுக்குள் பெரும்பாலும் கறி. பூ கொண்டுபோங்கள், சுற்றிய தாளைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். சாமந்தி மட்டும் வேண்டாம், நமக்கு அது சாமிக்கு, இங்கே கல்லறைக்கு. மூன்றரை என்றால் மூன்றரை, நாலு மணிக்கு நல்ல நேரம் பிறக்கிறது என்றெல்லாம் பார்க்காதீர்கள்.

ஹம்_அக்கா:
பிள்ளை, 'சீ' எண்டே கதையுங்கோ. அது எங்கட 'நீங்கள்' மாதிரி. 'டூ', அதாவது 'நீ', சொல்லலாம் எண்டு வயசானவை தாங்களாகச் சொன்னால்தான் மாற வேணும். நாங்கள் 80களில் வந்த நேரம் ஒரு ஜெர்மன் குடும்பம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடக் கடிதங்களை வாசித்துச் சொன்னது. என்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறது எண்டு நானும் தலையை உடைச்சன். கடைசியில் அவைக்குப் பிடிச்சது என்ரை உளுந்து வடைதான், உறைப்பைக் குறைச்சுச் சுட்டனான். இங்கே ஹம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்தோட 2002இல் திறந்ததில் இருந்து தேருக்கும் வருகினம், எங்களுக்கு முதலே வந்து நிற்பினம். கல்யாண அல்பத்தைக் கொண்டுபோங்கோ, ஜெர்மன் தெரியாட்டியும் இரண்டு மணித்தியாலம் ஓடும்.

மிக்ஸிக்காரன்:
எல்லோருக்கும் இப்படி வாய்க்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் மூன்று வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசியது ஒரே ஒருமுறை, அதுவும் கதவில் ஒட்டிய சீட்டில்: ஞாயிறு காலை என்ன இயந்திரம் ஓடுகிறது என்று. தேங்காய்ச் சட்னிதான். ஞாயிறு முழுவதும் இங்கே அமைதி நேரம், சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுங்கள். அப்புறம், உடனே பதிலுக்குப் பதில் பெரிய பரிசாக வாங்கிக் கொடுத்தால் கணக்கை முடிக்கிறீர்கள் என்று தோன்றும். கொஞ்சம் கடன்பட்டே இருங்களேன்.

கரூர்ப்பொண்ணு:
போய்வந்தோம், எல்லோருக்கும் நன்றி. ஆப்பிள் கேக், முட்டை இல்லாமல், கொஞ்சம் உதிர்ந்தது, அதற்குப் பாட்டி மூன்றுமுறை மன்னிப்புக் கேட்டார். ஆல்பத்தில் பந்தி போட்டோவைப் பார்த்து எத்தனை பேர் என்றார்கள், 1,200 என்று போனில் தட்டிக் காட்டினேன், தாத்தா ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று திருத்தப் பார்த்தார். கிளம்பும்போது 'டூ' கிடைத்துவிட்டது, பாட்டியை நீ என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. இன்று காலை எங்கள் கதவில் 'கேர்வோக்க' பலகை தொங்குகிறது, இந்த வாரம் மாடிப்படி பெருக்குவது எங்கள் முறையாம். பெருக்கித் துடைத்துவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தால், பாட்டி கடைசி இரண்டு படியை மறுபடி பெருக்கிக்கொண்டிருக்கிறார்.