மின்சாரப் பேருந்து வந்தால் போக்குவரத்துக் கழகத்தில் என்ன மாறுகிறது?

பெரம்பூர்வாசி:
சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. டீசலுக்குப் பதில் மின்சாரம் என்பதைத் தாண்டி, கழகத்தின் அன்றாட நடைமுறையில் என்ன மாறுகிறது என்று அறிந்தவர்கள் விளக்க முடியுமா?

வழித்தடம்47:
பெரிய மாற்றம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஐயா. வண்டியை வாங்குவதும் பராமரிப்பதும் ஓட்டுநரை அமர்த்துவதும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் அதற்குப் பணம் தருகிறது. நடத்துநர் கழகத்தின் ஊழியர். பயணச்சீட்டு வருவாயும் கழகத்துக்கே. ஆகவே பயணிகள் இல்லாமல் ஓடும் நடைக்கும் கழகம்தான் செலவழிக்கிறது என்பதால், கால அட்டவணையை முன்னைவிடக் கவனமாக வகுக்க வேண்டியிருக்கிறது.

மின்னேற்றி:
அந்த அட்டவணைக்கு மின்னேற்றமும் ஒரு கடிவாளம். டீசல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும், மின்கலத்துக்கு அப்படியல்ல. 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை முழுவதும் மின்மயமாக்கிய சீனாவின் ஷென்சென் நகரில், மின்கட்டணம் குறைந்த இரவு வேளையிலேயே பெரும்பாலும் மின்னேற்றுகிறார்கள். (மின்னேற்று நிலையங்களுக்கு இடம் தேடி அவர்களும் திண்டாடியவர்களே.)

பெரம்பூர்வாசி:
நன்றி. அப்படியானால், பல வண்டிகளுக்கு ஒரே வேளையில் மின்னேற்ற வேண்டியிருப்பதால், பணிமனைக்கு வரும் உயரழுத்த மின் இணைப்பே இனி எத்தனை வண்டிகள் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் போலிருக்கிறது.