கேட்வே உயிரோட இருக்கா? லைப்ரரி சொல்றதை அப்படியே நம்பலாமா?

உசிலை_பைத்தான்:
திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள்ல 14 சொட்டுநீர் கேட்வே (மோட்டார், வால்வு, மீட்டரை நெட்டோட இணைக்கிற பெட்டி) ஓடுது. எல்லாத்துலயும் அமேசான் கிளவுடோட (ஏடபிள்யூஎஸ்) கிரீன்கிராஸ், அதாவது பெட்டியில ஓடி கிளவுடோட பேசுற மென்பொருள். பைத்தான்ல, ஏடபிள்யூஎஸ்ஸோட பேசுற போடோ3 லைப்ரரி வழியா, எல்லாப் பெட்டியோட நிலையும் தர்ற ‘லிஸ்ட் கோர் டிவைசஸ்’ஐக் கூப்பிடுறேன். ‘ஹெல்தி’ன்னு வந்தா பச்சை, ‘அன்ஹெல்தி’ன்னா சிவப்பு. கூட வேலை பாக்குற அண்ணன், ‘இது பத்தாது, இருக்கேன்னு பெட்டி அப்பப்பச் சொல்ற ஹார்ட்பீட்டைத் தனியா எழுது’ங்கிறார். எனக்கு அது வீண் வேலையாத்தான் தெரியுது. கிளவுடே சொல்லும்போது நாம எதுக்கு இன்னொருதடவை கேக்கணும்?

மேலூர்_கேட்வே:
அந்த அண்ணன் சொல்றது சரி தம்பி. அதே பதில்ல, நிலைக்குப் பக்கத்துலயே ‘லாஸ்ட் ஸ்டேட்டஸ் அப்டேட் டைம்ஸ்டாம்ப்’னு ஒரு நேரம் வருமே, அதைப் பாத்தீங்களா? கிளவுட் ஒண்ணும் தோட்டத்துக்குப் போய்ப் பாத்துட்டு வர்றதில்ல. கேட்வே கடைசியா என்ன சொல்லிட்டுப் போச்சோ, அதைத்தான் திருப்பிச் சொல்லுது. புது புரோகிராம் இறங்கினா (டிப்ளாய்) சொல்லும், உள்ள ஓடுற ஒரு புரோகிராம் (காம்பொனென்ட்) உடைஞ்சா சொல்லும், மத்தபடி வழக்கமான அமைப்புல 24 மணி நேரத்துக்கு ஒருதடவை. சாயங்காலம் ‘ஹெல்தி’ சொல்லிட்டு ராத்திரி சிம் செத்துட்டா, விடிஞ்சும் உங்க திரை பச்சையாத்தான் இருக்கும்.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது. ஒரு கண்மாய் மடையில வச்ச கேட்வே மூணு நாளா ‘ஆன்லைன்’னே காட்டுச்சு. போய்ப் பாத்தா இடி விழுந்து பவர் சப்ளை கருகிக் கெடக்கு. மெசேஜை வாங்கிக் கைமாத்துற சர்வர் (புரோக்கர்) என்னோடது, கோடும் என்னோடது. ‘ஆன்லைன்’ங்கிற மெசேஜை ரீட்டெய்ன் பண்ணிட்டு (புரோக்கர் அந்தக் கடைசி மெசேஜை வச்சுக்கிட்டே இருக்கும்), லைன் அறுந்தா புரோக்கரே அனுப்புற ‘லாஸ்ட் வில்’ மெசேஜை வைக்காம விட்டுட்டேன். இணைப்பு அறுந்தா ‘ஆஃப்லைன்’னு சொல்ல ஆளே இல்ல. மூணு நாளும் நீர்மட்டம்னு நான் ஊர்க்காரங்களுக்குச் சொன்னது எல்லாம் பழைய கணக்கு. இன்னிக்கும் அது உறுத்துது.

வைகைக்கரை:
ஹார்ட்பீட்தான் வழின்னா நான் ஒத்துக்க மாட்டேன்ணே. அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணுன்னா ஒரு கேட்வேக்கு நாளைக்கு 288. 14க்கு 4032 மெசேஜ். அழகர்மலை அடிவாரத்துல சிக்னல் வரும், போகும். ஒவ்வொரு தடவையும் ராத்திரி அலாரம் அடிச்சா, நாலாம் நாள் போனை அணைச்சுட்டுத் தூங்கிருவாங்க. அப்புறம் நெசமாவே கெட்டா யாரு பாப்பா?

பெட்டிங்க மெசேஜ் அனுப்புற எம்க்யூடிடியிலயே, இத்தனை நேரத்துக்குள்ள பேசணும்ங்கிற ‘கீப் அலைவ்’ கணக்கு இருக்கு. 1999ல எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாக் கண்காணிக்கப் பிறந்த நெறிமுறை அது, மோசமான லைனுக்குன்னே செஞ்சது. சொன்ன நேரத்துல ஒன்றரை மடங்கு வரைக்கும் சத்தம் இல்லேன்னா புரோக்கரே இணைப்பை அறுத்துரும். ஏடபிள்யூஎஸ்ல ஃப்ளீட் இன்டெக்சிங்ல (எல்லாப் பெட்டியையும் தேடுற வசதி) கனெக்டிவிட்டியை இயக்கிட்டா, இணைஞ்சிருக்கா இல்லையான்னு அதே லைப்ரரியில தேடி எடுக்கலாம். இருக்கிறதை விட்டுட்டு ஏன் புதுசா எழுதணும்?

மேலூர்_கேட்வே:
அலாரம் விஷயம் நியாயம். ஆனா இணைஞ்சிருக்குங்கிற அந்தக் குறி சொல்றது லைன் இருக்குங்கிறதை மட்டும்தான். வால்வைத் திறக்கிற புரோகிராம் தொங்கிப்போயிருந்தாலும் லைன் இருக்கும். மைக்ரோசாஃப்டோட அஷ்யூர் ஐஓடி ஹப் ஆவணத்துல, ‘கனெக்‌ஷன் ஸ்டேட்’ங்கிறதை உருவாக்கும்போதும் பிழை தேடும்போதும் மட்டும் பாருங்கன்னே எழுதியிருக்காங்க. ஏடபிள்யூஎஸ்ஸும் இணைப்பு, துண்டிப்புச் செய்திகள் வரிசை மாறி வரலாம், ஒண்ணே ரெண்டு தடவையும் வரலாம்னு சொல்லுது.

இன்னொண்ணு தம்பி, பதில்ல ‘நெக்ஸ்ட் டோக்கன்’ (இன்னும் பாக்கி இருக்குங்கிற சீட்டு) வந்தா அடுத்த பக்கமும் கேளுங்க. 14க்குத் தெரியாது. 200 ஆனா பல தோட்டம் திரைக்கே வராது.

மல்லித்தோட்டம்:
எங்க வீட்டுத் தோட்டத்துலயும் இந்தப் பெட்டி ஒண்ணு இருக்கு, அதான் எழுதுறேன். நீங்க ரெண்டு பேரும் லைனைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு வேண்டியது தண்ணி பாஞ்சுச்சாங்கிறது ஒண்ணுதான். விடியுமுன்ன மொட்டு பறிச்சு மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புறோம். மும்முனை கரண்ட் இருக்கிற நேரம்தான் மோட்டார் ஓடும். அந்த நேரத்துல பெட்டி பேசலேன்னா எனக்கு உடனே தெரியணும். மத்த நேரம் அது தூங்கினா எனக்கென்ன? கரண்ட் வந்ததும் ஒருதடவை, தண்ணி மீட்டர் ஓடினதும் ஒருதடவை, மோட்டார் நின்னதும் ஒருதடவை, நேரத்தோட சொன்னாப் போதாதா?

வைகைக்கரை:
அக்கா, இது நல்ல யோசனை. மெசேஜும் குறையும், கேள்வியும் சரியான கேள்வி. மும்முனை வர்ற நேரம் ஃபீடருக்கு ஃபீடர் (கரண்ட் லைனுக்கு லைன்) மாறும், அதை ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனியாப் பதியணும். ஒரு விஷயத்துல மட்டும் நான் இறங்க மாட்டேன்: ஒருதடவை தவறினதும் சிவப்பு காட்டக் கூடாது. பத்து நிமிசம் பொறுத்து, இன்னொரு தடவை பாத்துட்டுத்தான்.

மேலூர்_கேட்வே:
பொறுக்கலாம். ஆனா அந்தப் பத்து நிமிசமும் பச்சை காட்டக் கூடாது. சாம்பல் நிறம், பக்கத்துல ‘கடைசியாப் பேசினது இத்தனை மணிக்கு’. தெரியலேன்னா தெரியலன்னு திரை சொல்லணும்.

உசிலை_பைத்தான்:
ஹார்ட்பீட் அப்புறம் எழுதிக்கிறேன்னு, முதல்ல கடைசியாப் பேசின அந்த நேரத்தை மட்டும் திரையில சேத்தேன். 14ம் பச்சைதான். அதுல ஒண்ணு கடைசியாப் பேசி 19 மணி நேரம் ஆச்சு. தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன். ‘காலையிலேருந்தே பெட்டியில விளக்கு எரியலையே தம்பி, நீங்க பாத்துக்கிட்டிருப்பீங்கன்னுல்ல இருந்தேன்’ங்கிறார். வண்டிய எடுத்துட்டேன். போய்ப் பாத்துட்டு வந்து எழுதுறேன்.