தட்டினால் ‘தொப்’ என்கிறது, ஈரமானி எங்கும் சிவப்பு: இந்தப் பாய்மரப் படகை வாங்கலாமா?

மூஞ்சிக்கல்வாசி | வெள்ளி, இரவு 10.42

அவசரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு பாய்மரப் படகு விலைக்கு வந்திருக்கிறது. தொழிற்சாலையில் வரிசையாக வார்த்துத் தள்ளும் வகை, விலை மலிவு. உள்ளே தேக்கு கண்ணாடி போல மின்னுகிறது, மெத்தை கூடக் கிழியவில்லை. ஆனால் மேல்தளத்தில் ஓரிடத்தில் தட்டினால் ‘தொப்’ என்று கேட்கிறது. கட்டடச் சுவருக்கு வைக்கும் ஈரமானியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், எங்கே வைத்தாலும் சிவப்பு. விற்பவர், ‘இது கொடைக்கானல், தலையணைக்கு வைத்தாலும் சிவப்புதான் காட்டும்’ என்று சிரிக்கிறார். மலிவுப் படகுகளின் கட்டுமானமே இவ்வளவுதானா, இல்லை இந்தப் படகில்தான் கோளாறா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாம்பன்காற்று | வெள்ளி, இரவு 11.05

எத்தனை அடி? எந்த ஆண்டு? எந்த நிறுவனம்? தண்ணீரில் மிதக்கிறதா, கரையில் நிற்கிறதா? ‘ஓரிடம்’ என்றால் எந்த இடம்? இவ்வளவையும் விட்டுவிட்டு மெத்தை கிழியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்களே!

ஏரிக்கரை | வெள்ளி, இரவு 11.20

நம் ஊர் ஏரிக்காகவா வாங்குகிறீர்கள்? வேண்டாம் அண்ணா. 1863-ல் லெவிஞ்ச் துரை அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது, மொத்தமே 24 ஹெக்டேர்தான். நட்சத்திர வடிவத்தில் கிளை கிளையாகப் பிரிகிறது. மலைச்சரிவில் இறங்கும் காற்று நிமிடத்துக்கு ஒரு திசை மாறும். பாயை விரிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடும்.

கீல்கவலை | சனி, காலை 6.10

மேல்தளத்தை விடுங்கள், அடியில் பாருங்கள். கீலும், அதாவது படகின் அடியில் தொங்கும் எடைத்துண்டும், உடலும் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறதா? துரு ஒழுகிய தடம் இருக்கிறதா? 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடிப் படகு நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது, 4 பேர் போனார்கள். அதுவும் தொழிற்சாலையில் வரிசையாக வார்த்த படகுதான். உள்ளே பலம் கொடுப்பதற்காக ஒட்டியிருக்கும் சட்டகம் உடலிலிருந்து விட்டுப் போயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொப்புளம்பார்த்தவன் | சனி, காலை 7.30

எங்கும் சிவப்பு என்றால் எனக்கு ஒரே சந்தேகம்தான், ஆஸ்மோசிஸ். ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசினுக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிப்போகும். உள்ளே சரியாக இறுகாமல் நின்ற வேதிப்பொருளைக் கரைத்துக்கொண்டு, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சுக்கு அடியில் கொப்புளமாகத் திரளும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பீய்ச்சி அடிக்கும். வினிகர் வாடை அடித்தால் அதேதான்.

மூஞ்சிக்கல்வாசி | சனி, காலை 8.02

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 26 அடி. ஏரிக்கு இல்லை, ஏரிக்கரை தம்பி. தூத்துக்குடிக்கு இறக்கிவிட எண்ணம். படகு தண்ணீரில் இல்லை. வில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தகரக் கொட்டகையில் மரச்சட்டத்தின் மேல் நிற்கிறது. முன்பு வைத்திருந்தவர் ஓய்வுபெற்று மலைக்கு வந்தபோது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். கொண்டைஊசி வளைவுகளில் எப்படித் திருப்பினார்கள் என்று கேட்காதீர்கள், ஊரே வேடிக்கை பார்த்ததாம். 6 வருடமாக அங்கேயே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், விற்பவர் இங்கே வந்து படிப்பவர். ஆண்டு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கொப்புளம் எதுவும் இல்லை. துருத் தடம் லேசாக இருக்கிறது.

கீல்கவலை | சனி, காலை 8.09

நான்தான் சொன்னேனே.

பழையமாலுமி | சனி, காலை 9.15

வருடத்துக்கு 4 தடவை இதே கேள்வி வருகிறது, 4 தடவையும் நான்தான் பதில் சொல்கிறேன். தம்பி, நீங்கள் தேக்கு என்று மயங்கியது தேக்கு அல்ல. பிளைவுட் மேல் ஒட்டிய தேக்குத் தாள், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன். மலிவுப் படகைச் செய்பவனுக்கு வாங்க வருகிறவன் எதைப் பார்ப்பான் என்பது தெரியும், அங்கேதான் காசைப் போடுவான். கடல் எதைப் பார்க்கும் என்பதைக் கற்றுக்கொண்டு வந்து கேளுங்கள். ஆண்டு கூடத் தெரியாமல் படகு விலை பேசுவது, பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பது மாதிரி.

அணியத்தை, அதாவது முன்முனையை, பார்த்தபடி நின்றால் வலப்பக்கம், படகின் பின்முகத்தில் மேல் ஓரமாகப் பாருங்கள். 1998-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்ற படகு என்றால் 14 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் பதித்திருக்கும். கடைசி இரண்டு எண் மாடல் ஆண்டு. ஏ, பி, சி, டி என்று வகை போட்ட தகடும் உள்ளே எங்காவது இருக்கும். ஏ என்றால் பெருங்கடல், டி என்றால் குளம் குட்டை. ஆனால் அந்த எழுத்து படகு புதிதாக இருந்தபோது வாங்கிய மதிப்பெண். உங்கள் கொட்டகையில் 6 வருடம் நின்ற படகுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை.

தூத்துக்குடித்தோணி | சனி, காலை 10.00

ஃபைபர் படகே வேண்டாம் என்பேன். எங்கள் ஊர்த் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கின்றன. எல்லாம் மரம், எல்லாம் ஓடாவி என்ற படகுத் தச்சரின் கைவேலை. பழுது எங்கே என்று பார்த்தாலே தெரியும், ஒரு பலகையை மாற்றினால் முடிந்தது. இந்த வார்ப்புப் படகில் பழுது தோலுக்குள் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, ‘கீல்’, ‘கீல்’ என்று எல்லாரும் எழுதுகிறீர்களே, அதற்கு ஏரா என்று நமக்கே ஒரு சொல் இருக்கிறது.

கீல்கவலை | சனி, காலை 10.12

ஏரா என்று எழுதினால் நீங்களும் நானும்தான் படிப்போம். அவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டியவர்.

தூத்துக்குடித்தோணி | சனி, காலை 10.20

சுக்கான் என்றால் புரிகிறது, பாய்மரம் என்றால் புரிகிறது, ஏரா மட்டும் புரியாதோ?

பழையமாலுமி | சனி, காலை 10.41

தோணியின் ஏரா என்பது அடிமரம். அதன் மேல்தான் படகையே கட்டுவார்கள். இந்த 26 அடிப் படகில் இருப்பது அடியில் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட வார்ப்பிரும்புத் துண்டு. இரண்டும் ஒன்றல்ல. சொல்லைக் காப்பாற்றப் போய்ப் பொருளைக் கெடுக்காதீர்கள். மரம்தான் உசத்தி என்பதும் பாதி உண்மை. கோவாவில் கட்டி 2017-ல் கடற்படையில் சேர்த்த தாரிணி 55 அடிப் படகு. அதில் 6 பெண் அதிகாரிகள் உலகையே சுற்றி வந்தார்கள். அதன் உடல் நடுவில் மரம், இருபுறமும் ஃபைபர்.

தூத்துக்குடித்தோணி | சனி, காலை 10.50

மரம் இருந்ததால்தான் சுற்றி வந்தது. நன்றி ஐயா.

பட்டறைக்கை | சனி, மதியம் 1.30

நான் மீன்பிடி ஃபைபர் படகு பழுதுபார்ப்பவன். பாய்மரப் படகு 3 தான் கை வைத்திருக்கிறேன், ஆனால் ரெசின் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் ஈரமானி. அது தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை, பொருளின் மின்தன்மையை வைத்துக் கணிக்கிறது. மேலே பனி படிந்திருந்தாலும் சிவப்பு, அடியில் போல்ட்டோ உலோகத் தகடோ இருந்தாலும் சிவப்பு, அடிப்பாகத்தில் செம்பு கலந்த பெயின்ட் அடித்திருந்தாலும் சிவப்பு. மஞ்சு புகுந்து புறப்படும் தகரக் கொட்டகையில் அந்தக் கருவி பச்சை காட்டினால்தான் நான் பயப்படுவேன். ஆகவே விற்பவர் சொன்னது அந்த மட்டும் சரி. காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நடுவில் மரம், நுரை எதுவும் இல்லாத கெட்டி ஃபைபர் உள்ள இடத்தில் முதலில் வையுங்கள். இந்த வகைப் படகுகளில் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே உடல் கெட்டியாகவே இருக்கும். பெயின்ட் அடிக்காத உட்புறத்திலிருந்து வைத்துப் பாருங்கள். அங்கே என்ன காட்டுகிறதோ அதுதான் உங்கள் ஊரின் பூஜ்யம். மேல்தளத்தில் அதைவிட எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் ‘தொப்’ என்ற சத்தத்துக்கு மஞ்சு காரணம் இல்லை. மேல்தளம் பிஸ்கட் மாதிரி. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ நுரையோ. எடை குறையும், விறைப்பு கூடும், கெட்ட முறை அல்ல. ஆனால் அதில் ஓட்டை போட்டு எதையாவது மாட்டும்போது ஓட்டையின் உள்சுவரை ரெசின் ஊற்றி அடைக்க வேண்டும். அப்படி அடைக்க நேரம் பிடிக்கும், தொழிற்சாலையில் நேரம்தான் காசு. தொழிற்சாலை ஒழுங்காகச் செய்திருந்தாலும், பின்னால் வந்த சொந்தக்காரர் ஏதாவது ஒரு கொக்கி மாட்ட டிரில்லைப் போட்டு, மேலே கொஞ்சம் சீலன்ட் தடவிவிட்டுப் போயிருப்பார். 10 வருடத்தில் சீலன்ட் விடும். தண்ணீர் நடு மரத்தில் ஊறும், மேல்தோலும் மரமும் பிரியும், ‘தொப்’. 5 ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டி, சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு எதைச் சுற்றி வளைகிறது என்று பார்த்தால் எந்த ஓட்டை குற்றவாளி என்பது தெரிந்துவிடும்.

தரம் பற்றிக் கேட்டீர்கள். படுக்கைப் பலகையைத் தூக்கி, கண் போகாத மூலைக்குள் கையை விடுங்கள். ஃபைபர் நார் சிலிர்த்து நின்று கையைக் கீறுகிறதா? வெட்டிய பிளைவுட் ஓரம் ரெசின் படாமல் பச்சையாக நிற்கிறதா? தடுப்புப் பலகையை உடலோடு ஃபைபர் பட்டை போட்டுப் பிணைத்திருக்கிறார்களா, வெறும் பசை வைத்து நிறுத்தியிருக்கிறார்களா? கைப்பிடிக் கம்பியின் காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத் தகடு இருக்கிறதா, சட்டைப் பொத்தான் அளவு வாஷர் மட்டும்தானா? மலிவுப் படகிலும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

‘தொப்’ எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

மூஞ்சிக்கல்வாசி | சனி, மாலை 4.48

பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி. இப்போது மரத்தை இறக்கிப் பக்கத்தில் கிடத்தியிருக்கிறார்கள்.

பட்டறைக்கை | சனி, மாலை 4.55

அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளின் அழுத்தம் எல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இறங்குகிறது. அதற்கு நேர் கீழே அறைக்குள் ஒரு தாங்குதூண் இருக்கும். பக்கத்தில் உள்ள கதவு முட்டுகிறதா?

மூஞ்சிக்கல்வாசி | சனி, மாலை 5.10

கழிப்பறைக் கதவு மேலே உரசுகிறது. மழைக்காலம், மரம் ஊதியிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலும் எல்லாக் கதவும் உரசுகிறது.

பட்டறைக்கை | சனி, மாலை 5.16

வீட்டுக் கதவு வெயில் வந்தால் சரியாகும். இது மேல்தளம் இறங்கியதால் உரசுகிறது என்று சந்தேகிக்கிறேன். நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, நடுவில் பள்ளம் விழுகிறதா பாருங்கள். பிறகு தூணின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு மரக்கட்டையை ஃபைபர் போர்த்தி வைத்திருப்பார்கள். படகின் அடித்தண்ணீர் அதில் ஊறினால் கட்டை களியாகிவிடும், தூண் இறங்கும், மேல்தளமும் கூடவே இறங்கும். விற்பவரிடம் அனுமதி கேட்டு, பாய்மரத்தின் அடித்தகட்டில் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். ஓட்டைக்குள் வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டுங்கள். வெளுத்த தூள் வந்தால் தப்பித்தீர்கள்.

கொப்புளம்பார்த்தவன் | சனி, மாலை 6.00

6 வருடம் கரையில் நின்றால் கொப்புளம் வற்றிப்போகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கீல்கவலை | சனி, மாலை 6.20

லாரியில் ஏற்றி இறக்கியபோது முழு எடையும் கீலின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்தத் துருத் தடத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பழையமாலுமி | சனி, இரவு 8.30

வார்ப்பிரும்பு துருப்பிடிப்பது இயற்கை. தடம் கீலின் முகத்தில் இருந்தால் பெயின்ட் வேலை, சேருமிடத்திலிருந்து ஒழுகினால்தான் போல்ட் வேலை. பட்டறைக்கை சொன்னதில் பிழை இல்லை. நான் சொல்ல இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

பட்டறைக்கை | சனி, இரவு 8.34

மகிழ்ச்சி ஐயா.

மூஞ்சிக்கல்வாசி | ஞாயிறு, பகல் 12.25

கழற்றினேன். போல்ட் வெளியே வந்ததும் ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒரு கோடாக வழிந்தது. கம்பியை விட்டுச் சுரண்டினால் கறுப்பாக, ஊறிய வெற்றிலைபாக்கு மாதிரி வந்தது, விரலில் வைத்து நசுக்க முடிந்தது. சட்டம் வைத்ததில் நடுவில் ஒரு சென்டிமீட்டர் பள்ளம். தூணின் அடியில் திருப்புளியைக் குத்தினால் பிடி வரை இறங்கிவிட்டது. அடித்தண்ணீர் படாத உட்புறத்தில் வைத்தபோது ஈரமானி மஞ்சளுக்கு இறங்கியது, மேல்தளத்தில் சிவப்பின் உச்சி. துரு கீலின் முகத்தில்தான். விற்பவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பாதி விலை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். எல்லாருக்கும் நன்றி.

தூத்துக்குடித்தோணி | ஞாயிறு, பகல் 12.40

பாதி விலையும் அதிகம். இறக்கினால் சொல்லுங்கள், ஓடாவி ஒருவர் இருக்கிறார், தூணுக்குக் கட்டை செதுக்கித் தருவார்.

ஏரிக்கரை | ஞாயிறு, மதியம் 1.15

பாதி விலை என்றால் எவ்வளவு அண்ணா?

பட்டறைக்கை | ஞாயிறு, மாலை 6.05

மேல்தளத்தை ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்க வேண்டும், ஒரே நாளில் தூக்கினால் தோல் வெடிக்கும். மேல்தோலை அறுத்து எடுத்து, நடு மரத்தை மாற்றி, தூணுக்குப் புதுக் கட்டை வைத்து மறுபடி போர்த்தலாம். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் மலையில் அந்த ஈரத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாது, கீழே இறக்கித்தான் செய்ய வேண்டும். லாரிச் செலவையும் விலையில் கழியுங்கள்.

பழையமாலுமி | புதன், காலை 9.00

பின்முகத்தில் அந்த 14 எழுத்து இருந்ததா? கடைசி இரண்டு எண் என்ன?

பாம்பன்காற்று | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

மூஞ்சிக்கல்வாசி, இருக்கிறீர்களா?