மக்கள் முன்னால் கணக்கு வாசித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. நாகப்பட்டினம் மாவட்டத்து மீனவக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையில் இருக்கிறேன். நிதி தருபவர்களுக்கும் அரசுக்கும் கணக்குக் கொடுப்பது ஒழுங்காக நடக்கிறது. ஆண்டுத் தணிக்கை, வெளிநாட்டு நிதிக்கு எஃப்சி-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் எல்லாம் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், அந்த நிதியிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தபின் இன்னும் கவனம். ஆனால் யாருக்காகப் பணம் வந்ததோ அவர்களிடம் கணக்குச் சொல்லச் சொல்லி எங்களை யாரும் கேட்பதில்லை. நிதியை நிறுத்தும் அதிகாரம் யாரிடமோ, பதிலும் அவர்களுக்குத்தான் போகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994இல் அரசுப் பணிகளின் செலவுக் கணக்கை ஊர் கூட்டி வாசித்தது. அதேபோல எங்கள் கணக்கையும், சம்பளம் உட்பட, வாசிக்க நினைக்கிறோம்.

யாராவது செய்திருக்கிறீர்களா? கேள்வி கேட்டால் அடுத்த உதவி நின்றுவிடுமோ என்று மக்கள் பயப்படுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் பெண்கள் வாய் திறப்பதே அரிது. அவர்களுக்குத் தனிக் கூட்டம் வைக்கலாமா? கூட்டத்தை வெளியாள் நடத்துவது நல்லதா? அப்புறம், எளிய தமிழில் ஒரு பக்கக் கணக்குத் தாள் மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.