பிளெண்டரில் உருவாக்கிய தலைமுடி ஒட்டுமுடி போல் தெரிவது ஏன்?

கேள்வி: பிளெண்டர் என்னும் 3டி மென்பொருளில் என் கதாபாத்திரத்திற்கு ஹேர் கர்வ்ஸ் (முடியிழைகளாக அமையும் வளைகோடுகள்) கொண்டு முடி அமைத்திருக்கிறேன், தொலைவில் அழகாக இருந்தாலும், நெற்றியோரத்தை நெருங்கிப் பார்த்தால் ஒட்டுமுடி வைத்ததுபோல் தெரிகிறது. எதைத் திருத்த வேண்டும்?

பதில் 1: அடர்த்தி திடீரெனத் தொடங்குவதே பெரும்பாலும் காரணம். அடர்த்திக்கான வெயிட் பெயிண்ட்டில் (எங்கே எவ்வளவு முடி என்பதைத் தீட்டிக் குறிப்பது) விளிம்பைப் படிப்படியாக மங்கச் செய்து, அங்கே குட்டையான பூனைமுடிகளைத் தனி அடுக்காகச் சேர்த்தால், முடி தோலிலிருந்தே முளைத்ததாகத் தோன்றும். இழையின் தடிமனையும் சரிபாருங்கள்: மனிதத் தலைமுடியின் விட்டம் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான்.

பதில் 2: 2023இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து கிளம்ப் (இழைகளைக் கொத்தாகச் சேர்ப்பது), ஃபிரிஸ் (இழைகளைக் கலைப்பது) நோடுகள் உடனேயே கிடைக்கின்றன. கிளம்ப் முதலில் வரட்டும். ஃபிரிஸ் முந்தினால், கலைந்த இழைகளைக் கிளம்ப் மீண்டும் இழுத்துச் சேர்த்துவிடும்.

பதில் 3: கருமுடி என்றாலும் முடியின் நிறத்தையும் பளபளப்பையும் அமைக்கும் பிரின்சிபிள்ட் ஹேர் ஷேடரில் மெலனினை (கருமையின் அளவு) 1 வரை ஏற்றாதீர்கள், சற்றுக் குறைத்து, ரேண்டம் கலரை (இழைக்கு இழை நிற வேறுபாடு) சிறிதளவு கூட்டுங்கள்.