ராத்திரிச் சாப்பாட்டு வத்தக்குழம்பு: அந்த வீட்டு ருசி எந்த இடத்தில் தவறுகிறது? புனைபெயரில் ஐந்து பேர் பேசிக்கொண்டது

அடுப்படி
வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் ராத்திரிச் சாப்பாடு என்றால் நிறைய பேருக்கு நாக்கில் நிற்பது சுண்டைக்காய் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான். அளவு எல்லோருக்கும் தெரிந்ததே: 4 பேருக்கு எலுமிச்சை அளவு புளி, 3 கப் தண்ணீர், 2 டேபிள்ஸ்பூன் குழம்புப் பொடி, நல்லெண்ணெய் 4 டேபிள்ஸ்பூனுக்குக் குறையாமல். இத்தனையும் போட்டும் பொடி கரைத்த புளித்தண்ணியாகவே நிற்கிறது என்றால், கோட்டை விடுவது பொடி எண்ணெயில் விழும் அந்த அரை நிமிடத்தில்தான்.

கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்ததும் அடுப்பைச் சிம்முக்குக் கொண்டுவந்து பொடியைப் போட வேண்டும். முதலில் எண்ணெயைக் குடித்துவிட்டுத் திட்டுத்திட்டாக நிற்கும். கிளறக் கிளற நுரைத்துச் செங்கல் நிறத்துக்கு வரும். அப்போது புளிக்கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தைத் தேடப் போனால் நெடி ஏறித் தும்மல் வந்துவிடும். தும்மல் வந்தால் பொடி கருகத் தொடங்கியிருக்கலாம். கருகிவிட்டால் அப்புறம் வெல்லத்தை அள்ளிக் கொட்டினாலும் அந்தக் கசப்பு போகாது.

புளிமண்டி
பொடியை அவ்வளவு தூரம் குற்றம் சொல்ல வேண்டாம். புளிக்கரைசலை முதலில் கொதிக்கவிட்டுப் பொடியை அதிலேயே போடும் வீடுகளிலும் குழம்பு அருமையாக வருகிறது. உண்மையான குற்றவாளி அவசரம். 3 கப் ஊற்றினால் பாதியாகச் சுண்ட வேண்டும், அதற்கு மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம் ஆகும். முதல் 10 நிமிடத்தில் வருவது பச்சைப் புளி வாசனை. அது அடங்கிய பிறகுதான் பொடியும் வெந்தயமும் தெரியும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வளையமாக நிற்கிறதா பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

பொறுமையில்லாதவர்கள் அரிசி மாவு கரைத்து ஊற்றுவார்கள். கெட்டியாகும், ஆனால் எண்ணெய் பிரியாது, மறுநாள் களி மாதிரி உறைந்து நிற்கும். கட்டாயம் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 1 டீஸ்பூனோடு நிறுத்துங்கள், ஊற்றிய பின் 3 நிமிடமாவது கொதிக்க விடுங்கள்.

வத்தல்பிரியை
இரண்டு பேரும் வத்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! பேரிலேயே வத்தல் இருக்குங்க.

சுண்டைக்காயை எண்ணெயில் வறுக்கறப்ப உப்பி, கரும்பழுப்புக்கு வரும். அதோட எடுத்துடணும். மணத்தக்காளி பொடிசு, எண்ணெய் காய்ஞ்சிருந்தா கண்ணிமைக்கறதுக்குள்ள கருகிடும். அதனால எண்ணெய் லேசா சூடானதுமே போட்டு, பொரிஞ்சதும் அரிச்சு எடுங்க. அதே எண்ணெயிலதான் தாளிக்கணும், வத்தலோட மணம் முழுக்க அதுல இருக்கு. வறுத்ததைக் கொதிக்கறப்பவே போட்டா கசப்பும் உப்பும் குழம்புல இறங்கும், கடைசி 5 நிமிஷத்துல போட்டா கடிக்கறப்ப மொறுமொறுப்பு கொஞ்சம் மிஞ்சும். நம்ம ஓட்டு ரெண்டாவதுக்கு.

முக்கியமா, வத்தல் உப்பு மோர்ல ஊறிக் காய்ஞ்சது. ஆரம்பத்துலயே வழக்கமான உப்பைப் போட்டுட்டு குழம்பையும் பாதியா சுண்டவிட்டா வாயில வைக்க முடியாது. பாதி உப்பு முதல்ல, மீதி வத்தல் போட்ட பிறகு ருசி பார்த்து.

கல்சட்டி
வத்தலைக் கடைசியில் போடுவது ஒத்துக்கொள்ள முடியாது. ஊறாத சுண்டைக்காய் குழம்போடு சேராது. சரி, அது அவரவர் நாக்கு.

யாரும் கேட்கவில்லை என்றாலும் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அலுமினிய வாணலி வேண்டவே வேண்டாம், புளி அதை அரிக்கும். இந்தக் குழம்புக்கென்றே இருப்பது மாக்கல் சட்டி, அதாவது மென்மையான கல்லில் குடைந்த சட்டி. புதுச் சட்டியை வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள், மறுநாள் கொட்டிவிட்டுப் புதுக் கஞ்சி. இப்படி 4, 5 நாள் பழக்கிய பிறகு வெறும் தண்ணீரைச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பாருங்கள். அப்புறம்தான் எண்ணெய், புளி எல்லாம். சட்டி சூடேறியிருக்கும்போது பச்சைத் தண்ணீர் படவே கூடாது. புளிக்கரைசலைக்கூட வெதுவெதுப்பாகத்தான் ஊற்ற வேண்டும். தாளிப்பைத் தனியாக இரும்புக் கரண்டியில் செய்து கொட்டினால் சட்டிக்கு நல்லது.

இன்னொன்று, கல் சூட்டை விடாது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சில நிமிடம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே நீங்கள் நினைக்கும் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இலைக்கு வரும்போது தொக்காகிவிடும்.

அடுப்படி
கல்சட்டி சொன்னது போல ஊற வேண்டும் என்றால் ராத்திரிக்குச் சாயங்காலமே வைத்துவிடுவதுதான் வழி. சண்டையும் தீர்ந்தது. நன்றாகச் சுண்டி எண்ணெய் மிதக்கும் குழம்பு, ஈரக் கரண்டி படாமல், தினமும் ஒருமுறை சுட வைத்தால் மறுநாளும் கெடாது, ருசி கூடத்தான் செய்யும். தேங்காய் அரைத்து விட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்கே காலி செய்ய வேண்டியதுதான்.

பசிவேளை
எல்லாம் சரி, தொட்டுக்கொள்ள? கால் கப் துவரம்பருப்பு, 2 மிளகாய் வற்றல், வெறும் வாணலியில் பருப்பு சிவக்க வறுத்து, 2 ஸ்பூன் தேங்காய், உப்பு, துளி பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்த துவையல். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும், நைசாகிவிட்டால் சட்னி. அப்பளத்தை நேராகத் தணலில் காட்டும்போது நடுவில் ஆரம்பிக்காதீர்கள், ஓரம் வேகாமல் நடு கருகும். இடுக்கியில் பிடித்து ஓரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு நடுவுக்கு வாருங்கள், விட்டு விட்டுத் திருப்பிக்கொண்டே.

புளிமண்டி
உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள், குழம்பில் அது பெரிதாக எதையும் சாதிக்காது. உப்பில்லாத நீர்த்த புளிக்கரைசல் அரை கப் சூடாக ஊற்றி, மறுபடி எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். அதற்கும் அடங்கவில்லையென்றால் சோற்றில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு குழம்பைக் குறைத்துப் பிசைய வேண்டியதுதான்.