கெம்புக்கல் நடன நகை செட்டில் பச்சைக் களிம்பு: எப்படி எடுப்பது?

அக்காவின் அரங்கேற்றத்துக்கு 1992இல் நாகர்கோவில் வடசேரியில் வாங்கிய டெம்பிள் செட். செம்பில் தங்க முலாம், கெம்புக்கல் (சிவப்புக் கல்), கல்லின் பின்பக்கம் அடைத்த கட்டு. அடுத்து அக்கா மகள் அணியப் போகிறாள். நெத்திச்சுட்டியிலும் ராக்கொடியிலும் கல்லைச் சுற்றிப் பச்சைக் களிம்பு; மாட்டலில் சில கற்கள் மங்கிவிட்டன. நாங்கள் இருப்பது திருவான்மியூர், உப்புக்காற்று வேறு.

உலர்ந்த மெல்லிய பிரஷ், மைக்ரோஃபைபர் துணி, பல்குத்தும் மரக்குச்சி எல்லாம் பார்த்தாயிற்று. தூசி போனது, களிம்பு அசையவில்லை. கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு இருப்பதால் தண்ணீரில் முக்கவில்லை. புளி, எலுமிச்சை, பற்பசையெல்லாம் முலாமைக் கெடுத்துவிடலாம், அதனால் தொடவில்லை. கடைக்காரர் புது முலாம் போடச் சொல்கிறார். அந்தப் பழைய நிறம் திரும்ப வராது, எனக்கு மனசே இல்லை.

முலாமும் தகடும் கெடாமல் களிம்பை மட்டும் எடுக்க நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள்?